வலிக்காத தோள்

நாகலெட்சுமிக்குச் சிங்களம் தெரியும். இதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவளே சொல்வாள். கொட்டகலை பஜாரில் கருவாட்டை முகர்ந்து பார்த்து முகம் சுளித்து விலையைக் குறைக்கவும், மிச்சக் காசு தராத பஸ்காரனை நாலு பேர் முன்னால் வாயடைக்க வைக்கவும் போதுமான சிங்களம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அவள் லயத்தில் அவள் வயதுப் பெண்கள் பாதிப் பேருக்கு அதுகூட வராது. அந்தப் பெருமைதான் அவளைக் கொண்டுபோய் வம்பில் மாட்டிவிட்டது.

போன வருஷம் ஆனி மாத மழையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது கான் ஓரத்தில் கால் வழுக்கியது. கான் என்பது மழைத் தண்ணீர் ஓடுவதற்காக மலையில் வெட்டிவிட்ட வாய்க்கால். நிரம்பி ஓடினால் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். விழுந்த வேகத்தில் அவளுடைய வலது கை ஒரு தேயிலைச் செடியை எட்டிப் பிடித்துக்கொண்டது. முதுகில் கூடை, கூடையில் நனைந்த கொழுந்து, அத்தனை பாரமும் அந்த ஒற்றைக் கையில் தொங்கியது. தோளுக்குள் ஏதோ 'டப்'பென்று விட்டது. பக்கத்து நிரைக்காரி ஓடி வந்து தூக்கிவிட்டாள். நாகலெட்சுமி எழுந்து சேலையைப் பிழிந்துகொண்டு, மிச்சக் கொழுந்தையும் பறித்து நிறுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

அதுதான் அவள் செய்த முதல் தப்பு. விழுந்த அன்றைக்கே ஊரைக் கூட்டி அலறியிருக்க வேண்டும். மறுநாள் வலிக்கிறது என்று சொன்னவளைக் கண்டாக்கையா மேலும் கீழும் பார்த்தார். மலையில் வேலை பார்க்கிறவர்களையெல்லாம் மேய்க்கிற அதிகாரி அவர். "நேத்து அந்தக் கையாலதானே கொழுந்து நிறுத்த?" என்றார்.

பறிப்பதில் விரலுக்குத்தான் வேலை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கை நிறையக் கிள்ளியதைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் கூடைக்குள் எறிய வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என்று யாரும் எண்ணுவதில்லை. அப்படி எறிகிற ஒவ்வொரு தடவையும் அவளுடைய வலத்தோள் கழன்று, திரும்பவும் வந்து உட்கார்ந்தது. கழல்வது அவளுக்குத் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. வீக்கம் இல்லை, காயம் இல்லை, கட்டு இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முத்துப்போல இருந்தது.

"எலும்பு பொய் சொல்லாதும்மா," என்றார் கண்டாக்கையா. பெரட்டுக் களத்தில், காலை வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற நேரத்தில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் பல நாட்கள் அரைப்பேர்தான் விழுந்தது. குறித்த கிலோவைப் பறிக்காதவளுக்கு அன்றைய நாள் பாதி நாள். 'அரைப்பேரு' என்றே ஒருத்தி அவளைக் கூப்பிடத் தொடங்கினாள். இருபத்தாறு வருஷம் முழுப்பேர் வாங்கியவளுக்கு எப்படி இருக்கும்? வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலேயே வலக் கையை இடுப்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, இடக் கையாலேயே கிள்ளி இடக் கையாலேயே எறியப் பழகினாள். ஆறு மாதத்தில் இடக் கை இரண்டு கை வேலையையும் பார்த்தது. பொழுதுபட்டால் அதுவும் கொஞ்சம் முனகும். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புருஷன் முத்துலிங்கம் எதுவும் சொல்லவில்லை. அவன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிச் சீராக்குகிறவன், அதிகம் பேசாதவன். ஒரே ஒரு தடவை, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "எக்ஸ்ரேல ஒன்னுமில்லன்னுதானே சொன்னாங்க?" அந்தத் 'தானே' அவள் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தி நின்றது. தோட்டம் நம்பாவிட்டால் போகட்டும். ஒரே பாயில் படுக்கிறவன், ராத்திரியில் அவள் புரள முடியாமல் முழிப்பதைப் பார்த்தவன், அவனுக்குமா சந்தேகம்?

பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனது அதற்குப் பிறகுதான். அங்கே பெரிய டாக்டர் அவளுடைய வலக் கையைத் தூக்கி ஒரு முறுக்கு முறுக்கினார். அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எலும்பு நல்லம். உள்ள ஜவ்வு பாக்க வேணும். எம்.ஆர்.ஐ.," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த சின்ன டாக்டரிடம் படிவத்தை எழுதச் சொல்லி அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

சின்ன டாக்டர் பேனாவைத் திறந்து, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "அம்மே, வமத, தகுணத?"

நாகலெட்சுமி ஒரு கணம் யோசித்தாள். வம என்றால் வலம். கடையைக் கடே என்கிறவர்கள், வலத்தின் வாலை நறுக்கி வம என்கிறார்கள், அவ்வளவுதான். தகுண என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொல். டிவியில் மழைச் செய்தியில் தகுணு பளாத்த என்பார்களே, தென் மாகாணம். ஓகோ, நான் தெற்கு ஆளா என்று கேட்கிறார்.

"வம, வம," என்றாள் தோளைத் தொட்டுக் காட்டாமலே. அப்புறம் மரியாதைக்கு, "தகுண நெஹெ மாத்தயா. அபி கொட்டகல," என்றாள். தெற்கு இல்லை ஐயா, நாங்கள் கொட்டகலை.

சின்ன டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். வெளியே வந்து முத்துலிங்கத்திடம் அவள் பீற்றிக்கொண்டாள். "நாம தெக்க மாத்தறைப் பக்கமான்னு கேக்குறாரு, பாத்துக்கங்க. என் சிங்களம் அப்புடி!"

அதற்குப் பிறகு ஏழு மாதம் காத்திருந்தாள். தேதி வந்தது. விடிகாலை முதல் பஸ்ஸில் மலையை விட்டு இறங்கிப் போனார்கள். பஸ்ஸில் அவளுக்கு ஒரு நிமிஷம் இருப்புக் கொள்ளவில்லை. இடத்தோளில் பையை மாட்டுவாள், கழற்றி மடியில் வைப்பாள், கிளினிக் அட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள், மறுபடியும் மாட்டுவாள். உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தால் படத்தில் கிழிசல் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். தெரிய வேண்டும் என்று எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டாள். தன் உடம்பு கிழிந்திருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவள் அந்த மலையில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கிழிசல் தெரியாமல் போனால், படமும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், அவள் நடிப்புக்காரி என்பது முடிந்த முடிவு. கண்டாக்கையா பெரட்டுக் களத்தில் சொல்வார். முத்துலிங்கம் எதுவும் சொல்லமாட்டான். அதுதான் இன்னும் மோசம்.

ஸ்கேன் அறைக்கு வெளியே தாலி, தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். முத்துலிங்கம் தன் கைலேஞ்சித் துணியில் அவற்றை முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "பயப்படாத," என்றான். பயம் மெஷினைப் பார்த்தா வருகிறது?

உள்ளே டெக்னீஷியன் ஒரு சிங்களப் பையன், நல்ல முகவெட்டு. படிவத்தைப் பார்த்தான். "வம் உரஹிச, நேத அம்மே?" என்றான். உரஹிச என்றால் தோள் என்று அவன் தன் தோளைத் தட்டிக் காட்டியதில் புரிந்தது.

"ஒவ், ஒவ். வம," என்றாள் நாகலெட்சுமி பலமாகத் தலையாட்டி.

படுக்க வைத்தான். பிளாஸ்டிக் கூடு ஒன்றைக் கொண்டுவந்து அவளுடைய இடத்தோளில் பொருத்தி வாரைப் போட்டு இறுக்கினான்.

அவளுக்குத் திக்கென்றது. இது அந்தத் தோள் இல்லையே! வாயைத் திறந்தாள். ஆனால் அவன் அதற்குள் அவள் காதுகளைப் பஞ்சு வைத்த மூடியால் அடைத்துவிட்டான். அவளுக்கே ஒரு சமாதானமும் தோன்றியது. ஒருவேளை நல்ல தோளை முதலில் எடுத்து, அப்புறம் கெட்டதை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களோ என்னவோ. படித்தவர்களுக்குத் தெரியாததா? நம்ம வாயை வைத்துக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அவன் அவளுடைய வலக் கையில் ஒரு ரப்பர்க் குமிழைத் திணித்தான். "பய நம் ஒபன்ட," என்றான். பயமாக இருந்தால் அமுக்கு. பிறகு ஒரு விரலை ஆட்டிக் காட்டி, "ஹெல்லென்ட எப்பா. ஹரித?" என்றான். அசையக் கூடாது, சரியா? இது அவளுக்குத் தெரிந்த சிங்களம்.

கட்டில் நகர்ந்து குழாய்க்குள் போனது. மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கூரை. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் கொல்லன் பட்டறை மாதிரி அடி தொடங்கியது.

அசையாதே என்று சொன்ன மாத்திரத்தில் உடம்பு எங்கெல்லாம் அரிக்கும் என்று படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் மூக்கு நுனி. பிறகு உள்ளங்கால். பிறகு காதுக்குப் பின்னால், மூடி அழுத்துகிற இடத்தில். அடிக்கிற தாளத்துக்கு அவளுடைய விரல்கள் தானாகவே கிள்ளத் தொடங்கின. கிள்ளு, கிள்ளு, சேர்த்துப் பிடி, கிள்ளு. காதுக்குள் குரல் வந்தது: "அம்மே, ஹெல்லென்ட எப்பா!" விரல்களை மடக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கால் பெருவிரல் ஆடியது. "அம்மே!" முதலில் எடுத்தது கலங்கிவிட்டது போல. திரும்பவும் அதே அடி முதலிலிருந்து தொடங்கியது. கூட்டுக்குள் அழுந்திக் கிடந்த இடத்தோள் சுருக்கென்று குத்தியது. 'நீ சும்மா கெட. ஒன்னய யாரு கேட்டா?' என்று மனதுக்குள் அதட்டினாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்தத் தோளை எடுத்து முடிப்பதற்கே இவ்வளவு நேரம். வெளியே பெஞ்சில் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். இரண்டாவது தோளை எடுக்க இவர்களுக்கு ஏது நேரம்? இதை மட்டும்தான் எடுக்கிறார்கள். நல்ல தோளைப் படம் பிடித்து, இவளுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். ஐயோ! ஏழு மாதம் காத்திருந்து, தனக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தானே வந்து படுத்திருக்கிறாள்.

குமிழை அமுக்கலாம். அமுக்கினால் நிறுத்துவார்கள். நிறுத்திவிட்டு, பயந்தாங்கொள்ளி, படுக்க மாட்டேன் என்கிறாள் என்று எழுதி வெளியே அனுப்பிவிட்டால்? இன்னொரு தேதி எப்போது கிடைக்கும்? அமுக்காமல் கிடந்தால் ஒன்றுமில்லை என்ற காகிதம் வரும். இப்படியும் போக முடியவில்லை, அப்படியும் போக முடியவில்லை. இதற்கு நடுவில் அசையவும் கூடாது! கழுத்தில் வேர்வை இறங்கிக் காதுக்குள் வழிந்தது. முழுப்பேர், அரைப்பேர், முழுப்பேர், அரைப்பேர் என்று அந்த அடி அவளுக்குக் கேட்கத் தொடங்கியது. கண்டாக்கையாவின் சிரிப்பு கேட்டது. சோற்றைப் பிசைகிற முத்துலிங்கம் கேட்டான்: ஒன்னுமில்லன்னுதானே சொன்னாங்க?

அமுக்கிவிட்டாள். வலத்தோளில் மின்னல் வெட்டுகிற அளவுக்குப் பலமாக, விடாமல், நாலைந்து தடவை அமுக்கினாள்.

அடி நின்றது. "மொகத அம்மே?" என்ன ஆச்சு என்றது குரல்.

"மேக்க நெவெய் மாத்தயா! அனித் அத்த! அனித் அத்த!" இது இல்லை, மற்றக் கை என்று கத்தினாள். கண்ணீர் பொங்கி இரண்டு பக்கமும் ஓடியது. துடைக்கக் கை எழவில்லை.

பேச்சுக் குரல்கள் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்துப் பையனின் குரல் வந்தது. இன்னும் இரண்டு நிமிஷம்தான், பொறு, அசையாதே. அவன் எடுத்ததை முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை. அடி மறுபடி கேட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாலோ என்னவோ, அந்த இரண்டு நிமிஷமும் அவள் மரக்கட்டையாகக் கிடந்தாள்.

வெளியே கொண்டுவந்து பக்கத்து அறைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டெக்னீஷியனுக்குக் கோபம். படிவத்தை அவள் முன்னால் நீட்டி நீட்டிக் காட்டினான். அவள் வம, வம என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் 'ஒவ், வம!' என்று அவளுடைய இடத்தோளைக் காட்டினான். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிச் சண்டை போடுவதைப் பார்த்து, பகல் வேலைக்கு அப்போதுதான் வந்த இன்னொரு டெக்னீஷியன் பெண் கிட்டே வந்தாள். சட்டையில் சிவகௌரி என்று பெயர் குத்தியிருந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"அம்மா, அழாதேங்கோ. உங்களுக்கு எந்தத் தோள் நோகுது?"

"வலத்தோளுங்க மிஸ். அதத்தான் நானும் சொல்றேன், வம, வமன்னு. இந்தத் தம்பி கேக்கவே மாட்டேங்குது."

சிவகௌரி ஒரு நொடி அவளையே பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகம். "ஐயோ அம்மா. சிங்களத்தில வம எண்டால் இடப்பக்கம். வலப்பக்கத்துக்குத் தகுண எண்டு சொல்லோணும்."

"தகுணன்னா தெற்கு இல்லையா?"

"தெற்கும் அதுதான். வலப்பக்கமும் அதுதான்."

நாகலெட்சுமிக்கு அந்தச் சின்ன டாக்டரின் சிரிப்பு இப்போது புரிந்தது. கொட்டகலையாம், தெற்கு இல்லையாம்! ஏழு மாதத்தை ஒரு சொல்லில் கோட்டை விட்டுவிட்டாள். பஜாரில் கருவாடு வாங்குகிற வாய்க்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை? தன் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. "மிஸ், ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். இந்தப் படத்தக் கிழிச்சுப் போட்ருங்க. இதுல ஒன்னுமில்லன்னு வந்துச்சுன்னா நான் தோட்டத்துல தல காட்ட முடியாது."

"கொஞ்சம் இருங்கோ. டொக்டரிட்டைக் கேட்டுப் பாப்பம்."

படங்களைப் பார்த்துச் சொல்கிற டாக்டரம்மா பக்கத்து அறையிலிருந்து வந்தார். நரைத்த கொண்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, சிங்களப் பெண். டெக்னீஷியன் நடந்ததைச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு படத்தில் நின்றார். அதைப் பெரிதாக்கினார். பிறகு திரும்பி நாகலெட்சுமியைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

இந்த நேரத்தில் முத்துலிங்கமும் கதவருகே வந்து நின்றான். உள்ளே சத்தம் கேட்டு, என்னவோ ஏதோ என்று வந்திருக்கிறான். கைலேஞ்சி முடிச்சைச் சட்டைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா நீளமாகச் சொன்னார். சிவகௌரி தமிழில் சொன்னாள். "டொக்டர் கேக்கிறா, இதுதான் நல்ல தோள் எண்டு ஆர் சொன்னது எண்டு. இதிலயும் கிழிஞ்சிருக்கு அம்மா. இண்டைக்கு நேற்று இல்லையாம். கன மாதமாம். இப்பிடிக் கிழிஞ்சும் சில ஆக்களுக்கு நோ தெரியாதாம். ஆனா உங்கட கிழிசலப் பாத்தா அப்பிடித் தெரியேல்லையாம். இந்தத் தோள் உங்களுக்கு நோகிறேல்லையோ?"

நாகலெட்சுமி தன் இடத்தோளைக் குனிந்து பார்த்தாள். காலையில் பையைச் சுமந்த தோள், லயத்துக் குழாயிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்குகிற தோள், ஒரு வருஷமாக இரண்டு கைக்கு உழைத்த தோள்.

"வலிக்கும்ங்க," என்றாள்.

"எப்ப இருந்து?"

"தீவாளிக்கு முன்னுக்கிருந்தே வலிக்கிது. ராவுல இந்தப் பக்கமும் படுக்க முடியாது, அந்தப் பக்கமும் படுக்க முடியாது."

"பின்னை ஏன் அம்மா ஒருத்தரிட்டையும் சொல்லேல்ல?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். குரலில் அழுகை போய், பழைய எரிச்சல் வந்திருந்தது. "ஒத்தக் கை வலிக்குதுன்னு சொன்னதுக்கே ஒருத்தரும் நம்பலங்க மிஸ். ரெண்டு கையும் வலிக்குதுன்னு சொன்னா எந்த மனுசன் நம்புவான்?"

சிவகௌரி அதைச் சிங்களத்தில் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். டெக்னீஷியன் கையிலிருந்த படிவத்தை மடித்தான். பிறகு டாக்டரம்மா ஒரு புதுப் படிவத்தை இழுத்து, தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"வலப்பக்கத்தையும் இப்பவே எடுக்கட்டாம்," என்றாள் சிவகௌரி. "எழும்புங்கோ அம்மா."

நாகலெட்சுமி எழுந்திருக்கப் பார்த்தாள். பெஞ்சு தாழ்வாக இருந்தது, கால் மரத்திருந்தது, முடியவில்லை. முத்துலிங்கம் கதவருகிலிருந்து இரண்டே எட்டில் வந்துவிட்டான். குனிந்து இரண்டு கைகளையும் அவள் பக்கம் நீட்டினான். எந்தக் கையைப் பிடித்து அவளை எழுப்புவது என்று தெரியாமல், நீட்டிய கைகளோடு அப்படியே நின்றான்.